தாங்கியின் எடை தெரியும், கோவிந்தன் யார்?

நம்ம லயத்துப் பயலுககிட்ட யுத்த தாங்கி பற்றிக் கேட்டுப் பாருங்க. எடை, பீரங்கி, எஞ்சின் எல்லாம் ஒப்பிப்பாங்க. போன் கேமும் யூடியூப்பும் கொடுத்த படிப்பு. நாங்களும் அந்தக் கூட்டம்தான், மறுக்கல.

போன வாரம் எங்களுக்குள்ளே ஒரு வாக்குவாதம். 1930களில் சீனா வெளிநாடுகளில் வாங்கிய இலகு தாங்கிகள் பற்றி. பிரித்தானியாவின் விக்கர்ஸ் கம்பனியிடம் ஆறு தொன் தாங்கிகள் 20, இத்தாலியிடம் சி.வி.33, ஜெர்மனியிடம் பன்சர் 1. ஊருக்கு ஒரு சாமான், ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதுக்குப் பொருந்தாது. 1937 ஆகஸ்டில் விக்கர்ஸ் தாங்கிகளை ஷங்காய் தெருக்களில் இறக்கினார்கள். கூடப்போன காலாட்படையின் துணை போதவில்லை. ஜப்பானியர் அடித்து நொறுக்கினார்கள். மூன்றில் எது சிறந்தது என்று இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம்.

அப்போது தோழி ஒருத்தி கேட்டாள்: "அதே காலத்துல நம்ம மலையில யார் கையில துவக்கு இருந்துச்சு?"

ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. ஷங்காய் தெரிந்த எங்களுக்குக் கண்டி தெரியவில்லை.

பதில் இதுதான். இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை என்று ஒன்று இருந்தது. 1900இல் தொடக்கம், தலைமையகம் கண்டி. ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். பெரும்பாலும் தேயிலை, றப்பர் தோட்டத் துரைமார். 1915 கலவரத்தை அடக்கவும் இவர்களை இறக்கினார்கள். யோசிச்சுப் பாருங்க: காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரிக்கிற துரைக்கே அரசாங்கம் ரைபிளும் கொடுத்திருந்தது. அந்த மலையில்தான் நம்ம தாத்தாமார் சங்கம் கட்டினார்கள்.

1940 ஜனவரி 10. ஹேவாஹெட்ட பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம். கோவிந்தன் என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். சுட்டது துரைமார் படை இல்லை, பொலிஸ். துவக்கு கை மாறியிருந்தது, குறி மாறவில்லை.

1949இல் துரைமார் படையைக் கலைத்தார்கள். ஆனால் 1948, 1949 சட்டங்களால் நம்மவர்களின் குடியுரிமையும் வாக்கும் பறிபோயின. துரைமார் போன பிறகும் சூடு நிற்கவில்லை. 1977 மே மாதம், தலவாக்கலை டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்தவர்கள் மீது பொலிஸ் சுட்டது. சிவனு லெட்சுமணன் உயிர்விட்டார்.

"ஆயுதத்தை ஆயுதமா மட்டும் பாரு மச்சான், அரசியலை ஏன் இழுக்கிற?" என்பவர்களுக்கு: யார் வாங்கினார்கள், யாருக்கு எதிராகத் திருப்பினார்கள் என்று கேட்காமல் தாங்கியின் எடையை மட்டும் மனப்பாடம் செய்வது, விற்ற கம்பனியின் விளம்பரத்தை இலவசமாக ஒப்பிப்பதுதான்.

கேம் விளையாடுங்க, நாங்களும் விளையாடுவோம். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை லயத்து மூத்தவர் ஒருவரிடம் முல்லோயா பற்றிக் கேளுங்க. அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்து வையுங்க. அந்தக் குரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன.