சிவப்பு மையும் சேரிப் பிள்ளைகளும்

‘இவனுங்களுக்கு இங்கிலீஷே வராது சார்.’ முதலாமாண்டு விடைத்தாள் திருத்துகிற நாட்களில் கல்லூரி ஆசிரியர் அறைகளில் டீயோடும் வடையோடும் சேர்ந்து புழங்குகிற வாக்கியம் இது. யார் இந்த ‘இவனுங்க’? யாரும் விளக்கிச் சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, ஆதிதிராவிடர் நல விடுதியில் பெட்டியை இறக்கி வைத்து, உதவித்தொகை விண்ணப்பத்தோடு சாதிச் சான்றிதழை இணைத்துக் கொடுத்தவர்கள்தான் அந்த ‘இவனுங்க’. முன்பு நேராகச் சாதிப் பெயரைச் சொல்லியே திட்டினார்கள். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் வழக்கு. அதனால என்ன, கையில சிவப்புப் பேனா இருக்குல்ல!

பிழை இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்தப் பிழையை வைத்து ஆளை எடை போடுகிறார்களே, அந்தத் தராசைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

அப்படி என்னதான் பிழை? ‘ஹி கோ டு ஸ்கூல்’ என்று எழுதுகிறான், ‘கோஸ்’ போடவில்லை. ‘மை மதர் இஸ் லேபரர்’ என்று எழுதுகிறாள், ‘எ’ விட்டுப்போச்சு. ‘வி டிஸ்கஸ்டு அபௌட் காஸ்ட்’ என்கிறான், வேண்டாத ‘அபௌட்’. மூன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. ஏன் தப்பு, எப்படி எழுதணும் என்று ஒரு வரி கிடையாது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்றால் வாக்கியம் முடிந்தது. அங்கே ‘இஸ்’ஸுக்கும் வேலையில்லை, ‘எ’வுக்கும் வேலையில்லை. ரஷ்ய மொழியிலும் ‘எ’, ‘தி’ கிடையாது. சீனத்தில் கிடையாது. ஜப்பானிய மொழியிலும் கிடையாது. அந்த நாட்டுக்காரர்களும் ஆங்கிலம் எழுதும்போது இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். மாஸ்கோவிலிருந்து வந்த விஞ்ஞானி ‘தி’யை விட்டால் ‘அவருக்குத் தாய்மொழி வேற’ என்கிறார்கள். சேரியிலிருந்து வந்த மாணவி விட்டால் ‘அதுக்கு மண்டையில ஒண்ணுமில்ல’ என்கிறார்கள். விட்டது ஒரே சொல். தீர்ப்பு மட்டும் ரெண்டு.

‘டிஸ்கஸ்டு அபௌட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சாதியைப் பற்றி விவாதித்தோம்’ என்பது தமிழ். அந்தப் ‘பற்றி’தான் ‘அபௌட்’டாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘டாக் அபௌட்’ சரியாம், ‘டிஸ்கஸ் அபௌட்’ தப்பாம். இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லித் தந்தார்களா?

அப்புறம் அந்தப் பிரசித்தி பெற்ற ‘எஸ்’. பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பன்மை. வினைச்சொல்லோடு சேர்ந்தால் ஒருமை. ‘பாய்ஸ்’ என்றால் பல பேர், ‘கோஸ்’ என்றால் ஒரே ஆள். இப்படி ஒரு கோணலை வைத்துக்கொண்டு, குழம்புகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்த குழந்தைகளின் கதை என்ன? அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் அப்படிப்பட்ட மூன்று குழந்தைகளை வருடக்கணக்கில் கவனித்து 1973இல் நூலாக்கினார். அந்தக் குழந்தைகளும் ‘இங்’, பன்மை ‘எஸ்’ இவற்றையெல்லாம் பிடித்து வெகுநாள் கழித்துத்தான் வினையோடு ஒட்டும் இந்த ‘எஸ்’ஸைப் பிடித்தார்கள். வெள்ளைக்காரன் வீட்டுக் குழந்தைக்கே தாமதமாகத்தான் வருகிறது. நம்ம பிள்ளைக்கு மட்டும் ஜூலையில் சேர்ந்து அக்டோபருக்குள் வந்துவிட வேண்டுமா?

மொழியியலில் இதெல்லாம் பழைய செய்தி. 1967இல் பிட் கார்டர் எழுதினார்: கற்கிறவரின் பிழை, அவர் தனக்குள்ளே ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார் என்பதற்குச் சாட்சி. 1972இல் லாரி செலிங்கர் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்: இடைமொழி. தாய்மொழியும் அல்லாமல் கற்கும் மொழியும் அல்லாமல் நடுவில் மாணவர் கட்டிக்கொள்ளும் ஏணி அது. ‘கோ’வுக்கு இறந்தகாலம் ‘கோயெட்’ என்று எழுதுகிற பிள்ளைக்கு விதி தெரிந்திருக்கிறது. விதிவிலக்குதான் இன்னும் வந்து சேரவில்லை. விதியைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு எங்கே? ஏணியில் ஏறிக்கொண்டிருப்பவனைப் பார்த்து ‘இன்னும் மாடிக்கு வரல’ என்று எட்டி உதைக்கிற வேலைக்குப் பெயர் கல்வியா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்ம பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது என்பதைப் போல ஒரு புளுகு கிடையாது. போனான், போனாள், போனது, போனாங்க. நாலு வயதில், பள்ளிக்கூட வாசலை மிதிக்குமுன்பே, வினையில் ஆணும் பெண்ணும் அஃறிணையும் பிரித்துப் பேசுகிற பிள்ளை அது. ஆங்கில வினைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஆனால் நம்முடைய தமிழ் இலக்கணத்தில் இன்னொரு விகுதியும் இருந்தது. அதைப் புலவர்கள் எழுதி வைக்கவில்லை. ஊர் எழுதி வைத்திருந்தது. எழுபது வயதுத் தாத்தாவை ஊர்த்தெருப் பொடியன் ‘வாடா’ என்பான். அந்தப் பொடியனைத் தாத்தா ‘வாங்க சாமி’ என்று சொல்ல வேண்டும். ‘வாங்க’ கொஞ்சம் சுருங்கி ‘வா’ ஆகிவிட்டால் முதுகில் அடி விழும், பஞ்சாயத்தில் அபராதம் விழும். விகுதிப் பிழைக்காக அடிபட்ட பரம்பரை நம்முடையது. நாம் ழகரம் சொன்னால் ‘வாளப்பளம்’ என்று நம்மைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்தார்கள். தங்கள் வீட்டு ‘வந்தேள், போனேள்’ மட்டும் சினிமாவில் அழகு, சங்கீத சபையில் மரியாதை. ஆக, இலக்கணம் என்ற பெயரில் சாதி கம்பெடுப்பது நமக்குப் புதுசில்லை. மொழிதான் மாறியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். ஒருமைக்கென்று இருந்த ‘தௌ’ பேச்சில் வழக்கொழிந்து போய் வெகுகாலமாகிறது. ‘ஹி’ என்றால் பண்ணையாரும் ‘ஹி’, பண்ணையாளும் ‘ஹி’. அந்த மொழி நமக்கு வேண்டும் என்று கேட்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதற்காக ஆங்கிலம் ஏதோ சமத்துவபுரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1762இல் இராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஒரு சிறு ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். ஷேக்ஸ்பியரிலும் மில்டனிலுமே பிழை பொறுக்கிக் காட்டினார். ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறை கூடாது என்ற விதி இப்படிப்பட்டவர்கள் வழியாகத்தான் பள்ளிக்கூடத்தில் கெட்டிப்பட்டது. அவருக்கு நானூறு வருடம் முந்திய சாசர் எதிர்மறைகளை அடுக்கித்தான் எழுதினார். லண்டன் தொழிலாளிகளும் அமெரிக்கக் கறுப்பின மக்களும் அப்படித்தான் பேசினார்கள், பேசுகிறார்கள். மேட்டுக்குடி எழுதியது இலக்கணம், மற்றவன் பேசியது பிழை. அவ்வளவுதான் ரகசியம். வில்லியம் லபாவ் 1969இல் நியூயார்க் ஹார்லெம் பகுதிக் கறுப்பினப் பிள்ளைகளின் பேச்சை எடுத்து, அதில் ஒழுங்கான விதிகளும் தர்க்கமும் இருப்பதை நிறுவினார்.

அதே 1969இல், அதே நியூயார்க்கில், கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் சிட்டி கல்லூரி வளாகத்தைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். 1970 முதல் உயர்நிலைப் பள்ளி முடித்த யாருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று கதவு திறந்தது. உடனே கிளம்பியது ஒப்பாரி: தரம் போச்சு, தகுதி போச்சு! நமக்குப் பழகிய பாட்டுத்தான். ஆனால் அங்கே மினா ஷானெஸ்ஸி என்ற ஆசிரியை ஒப்பாரியில் சேரவில்லை. அப்படிச் சேர்ந்த மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை வரிசையாக வைத்துப் படித்தார். எந்தப் பிழை எந்தக் காரணத்தால் வருகிறது என்று பிரித்து 1977இல் நூலாக எழுதினார். பிழைகளுக்குப் பின்னால் ஒழுங்கு இருக்கிறது, இந்த மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்று காட்டினார். நம்ம ஊரில் வருடா வருடம் லட்சக்கணக்கான தாள் திருத்துகிறார்கள். இப்படிப் படித்தவர் எத்தனை பேர்? 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் கறுப்பின மக்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். வகுப்பறையில் அவர்கள் நடத்திய சண்டையையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இனி நம்ம பக்கத்துத் தோழர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ‘பிழைதான் எதிர்ப்பு, பிழையாக எழுதுவதே கலகம், திருத்தவே கூடாது’ என்று சில நண்பர்கள் கருத்தரங்கில் பேசுகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. அவங்க பிள்ளை எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு விசாரிச்சுப் பாருங்க. நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவன் நம்ம ‘கலகத்தை’ப் படித்துப் பரவசப்பட மாட்டான், விண்ணப்பத்தை ஓரங்கட்டி வைப்பான். அதிகாரத்தின் விதிகள் அதிகாரமுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டப்படுகின்றன. மற்றப் பிள்ளைகளுக்கு அவற்றை வெளிப்படையாகச் சொல்லித் தந்தாக வேண்டும் என்பதுதான் கறுப்பினக் கல்வியாளர் லிசா டெல்பிட் 1988இல் வைத்த வாதத்தின் சாரம். இரக்கப்பட்டுத் திருத்தாமல் விடுவதும் விலக்கி வைப்பதுதான்.

பாபாசாகேப் சமஸ்கிருதம் படிக்க விரும்பியபோது தீண்டப்படாதவர் என்று சொல்லிப் பள்ளியில் மறுத்தார்கள். பாரசீகம் படித்தார். ஆங்கிலத்தையோ எதிரியே வாய்பிளக்கும் அளவுக்குக் கைக்கொண்டார். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அவர் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையைக் கண்டு பயந்து கூட்டத்தையே ரத்து செய்தார்கள். சொந்தச் செலவில் அச்சிட்டு உலகத்தின் முன்னால் வைத்தார். அந்தக் கூர்மை நமக்கும் வேண்டும். 2010இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தலித் கிராமத்தில் ஆங்கிலத்தைத் தேவியாக்கிக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஏக்கம் புரிகிறது. ஆனால் நமக்குச் சாமி வேண்டாம், வாத்தியார் வேண்டும்.

சிவப்பு மை செய்கிற பெரிய கெடுதல் எது தெரியுமா? பயம். பயந்த பிள்ளை சொந்தமாக எழுதாது. நோட்ஸை வாங்கி எஸ்ஸேயை மனப்பாடம் செய்து கமா விடாமல் கக்கிவிடும். அந்தத் தாளில் பிழை இருக்காது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் ‘எங்க ஊர்ல தண்ணி வரல, கலெக்டர் நடவடிக்கை எடுக்கணும்’ என்று ஆங்கிலத்தில் நாலு வரி சொந்தமாக எழுதச் சொன்னால் கை நடுங்கும். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்துச் சொந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லாமல் வெளியே வருகிறானே, அதுதான் மோசடி.

1996இல் ஜான் ட்ரஸ்காட் என்பவர், எழுத்தில் இலக்கணம் திருத்துவதே பயனில்லை, விட்டுவிடுங்கள் என்று வாதிட்டார். 1999இல் டானா ஃபெரிஸ் மறுத்து எழுதினார்: எப்படித் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு பேருமே ஏற்க மாட்டாத ஒன்று, எல்லாவற்றையும் வட்டமிட்டுத் தாளை மூஞ்சியில் எறிவது. நம்ம ஊரில் நடப்பது அதுதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: கருத்துக்குத் தனி மதிப்பெண், மொழிக்குத் தனி மதிப்பெண். ஒரு முறை எழுதித் திருத்தியபின் மறுபடி எழுத வாய்ப்பு. இரண்டாவது எழுத்துக்கே மதிப்பெண். ஆங்கில இலக்கணத்தைத் தமிழில், தமிழோடு ஒப்பிட்டு விளக்குகிற வகுப்பு. தமிழ்வழி மாணவர்களுக்கு முதல் ஆறு மாதம் இணைப்பு வகுப்பு. அதையும் தொகுப்பூதிய ஆள் தலையில் கட்டாமல் நிரந்தர ஆசிரியர் நடத்த வேண்டும். ஒரு தாளில் மூன்று பிழைக்கு மேல் குறிக்காதே. குறித்ததற்குக் காரணம் எழுது.

கேட்டதும் கொடுத்துவிட மாட்டார்கள். அதுவரைக்கும் விடுதி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, நாலு வகுப்பு முன்னே போன அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். இடதுபக்கம் நாம் எழுதிய வாக்கியம், வலதுபக்கம் திருத்திய வாக்கியம், கீழே தமிழில் காரணம். வாரம் ஒரு மனு ஆங்கிலத்தில் எழுதுங்கள்: விடுதிச் சாப்பாட்டைப் பற்றி, வராத உதவித்தொகையைப் பற்றி, சுடுகாட்டுப் பாதையைப் பற்றி. பத்துப் பேர் உட்கார்ந்து அதைத் திருத்துங்கள். திருத்தி முடித்ததும் நோட்டிலேயே வைத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, உரிய அதிகாரிக்கு அனுப்புங்கள். ‘எஸ்’ சரியாக இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும்; பதில் வருகிறதா என்று நாம் பார்ப்போம்.