நடிப்புக்கு இசையாத பூனைகள்

திரைப்படங்களில் தோன்றும் விலங்குகளுள் பூனையைப் போல இயக்குநரின் திட்டத்துக்கு அடங்காதது வேறில்லை என்பது படப்பிடிப்புத் தளங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். நாய் தன்னைப் பழக்கியவரின் முகம் பார்த்து வேலை செய்யும். பூனையோ தீனிக்காகவும் பழகிய ஓர் ஒலிக்காகவும் மட்டுமே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வரும், அதுவும் அந்நேரத்தில் அதற்கு விருப்பமிருந்தால்தான். எனவே ஒரே பாத்திரத்துக்கு ஒரே நிறமுள்ள பல பூனைகளைப் பழக்கி, ஓடுவதற்கு ஒன்று, மடியில் அசையாமல் கிடப்பதற்கு இன்னொன்று எனப் பிரித்துக்கொள்வது அத்தொழிலில் வழக்கமாயிற்று. இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் பூனை வரும் காட்சியில் தற்செயலுக்கு ஒரு பங்கு எஞ்சவே செய்கிறது. அதை அழிக்க முயலாமல் படத்துக்குள் ஏற்றுக்கொண்ட இயக்குநர்களிடமே மறக்கவியலாத பூனைகள் பிறந்துள்ளன.

இதற்கான சான்று சினிமாவின் குழந்தைப் பருவத்திலேயே கிடைக்கிறது. இங்கிலாந்தின் ஹோவ் நகரில் படமெடுத்துவந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் 1903-இல் வெளியிட்ட 'நோயுற்ற பூனைக்குட்டி' ஒரு நிமிடம்கூட ஓடாத படம். இரண்டு குழந்தைகள் மருத்துவ விளையாட்டு விளையாடுகிறார்கள். குட்டிக்குக் கரண்டியில் மருந்து ஊட்டப்படுகிறது. அதுவரை அறை முழுவதையும் காட்டிக்கொண்டிருந்த காட்சி சட்டென்று வெட்டப்பட்டு, கரண்டியை ஆவலோடு நக்கும் குட்டி திரையை நிறைத்துக்கொள்கிறது. முகத்தையோ பொருளையோ இவ்வாறு மிக அருகில் காட்டுவதைக் குளோசப், அதாவது அண்மைக் காட்சி என்பர். ஒரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அதன் நடுவில் அண்மைக் காட்சியைச் செருகும் உத்தி அன்றைக்குப் புதிது. அக்கால நடிகர்களின் மிகையான முகபாவங்களை அத்தனை அருகில் காட்டியிருந்தால் கண் கூசியிருக்கும். கேமரா இருப்பதையே அறியாத குட்டிக்கு அந்த இடர் இல்லை.

எழுபது ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ பூனை திட்டத்துக்கு அடங்காத சிக்கலையே ஒரு காட்சியாக்கினார். 1973-இல் வந்த 'டே ஃபார் நைட்' ஒரு படப்பிடிப்பைப் பற்றிய படம். பகல் வெளிச்சத்தில் எடுத்ததை இரவாகக் காட்டும் பழைய ஸ்டூடியோ உத்தியின் பெயரே அதன் தலைப்பு. அதில், அறை வாசலில் வைக்கப்பட்ட சிற்றுண்டித் தட்டுக்குப் பூனைக்குட்டி ஒன்று தானாக வந்து பாலைக் குடிக்க வேண்டும். குட்டி வர மறுக்கிறது. தள்ளிவிட்டாலும் வேறு பக்கம் நழுவிவிடுகிறது. டேக், அதாவது ஒரே காட்சியை எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும், ஒன்றன்பின் ஒன்றாக வீணாகிறது. கடைசியில் வேறொரு பூனை கொண்டுவரப்பட்டு, அது தட்டை நெருங்கி நாக்கை நீட்டும்போது அத்தனை பேரும் மூச்சடக்கிப் பார்க்கிறார்கள். படத்துக்குள் வரும் இயக்குநராக த்ரூஃபோவே நடித்திருப்பதும், 1964-இல் அவரே எடுத்த 'த சாஃப்ட் ஸ்கின்' படத்தில் இதே போன்ற பூனைக் காட்சி ஒன்று இருப்பதும் இந்தப் பகுதிக்குக் கூடுதல் வாஞ்சையைத் தருகின்றன.

தற்செயல் வேறு வடிவிலும் வந்து சேரலாம். 'த காட்ஃபாதர்' (1972) படத்தின் தொடக்கத்தில் மார்லன் பிராண்டோவின் மடியில் கிடக்கும் பூனை திரைக்கதையில் இல்லாதது; ஸ்டூடியோவில் சுற்றித் திரிந்த அதை இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எடுத்து நடிகரின் கையில் கொடுத்துவிட்டார். அது மகிழ்ந்து எழுப்பிய உறுமலில் வசனம் தெளிவாகக் கேட்காமல் ஒலிப்பதிவாளர்கள் திண்டாடினாலும், கொலைக்கு இசைவு வேண்டி ஒருவன் மன்றாடுகையில் அதைக் கேட்பவரின் விரல்கள் பூனையின் கழுத்தை வருடிக்கொண்டிருக்கும் முரண் வேறெவ்வகையிலும் கிடைத்திராது. இதற்கு மாறாக, 'ஏலியன்' (1979) படத்தில் ஜோன்ஸ் என்னும் பூனை அஞ்சிச் சீற வேண்டிய இடத்தில், தடுப்புக்குப் பின்னால் ஒரு நாயை நிறுத்திவைத்துத் தடுப்பை விலக்கினார்கள். விளைவு திகிலூட்டுவதுதான், எனினும் உயிரை மிரட்டிப் பெற்ற பாவத்தைப் பாராட்ட மனம் முழுமையாக ஒப்பவில்லை.

இவை எல்லாவற்றினும் ஆழமானது ராபர்ட் ஆல்ட்மனின் 'த லாங் குட்பை' (1973). அதன் மூலமான ரேமண்ட் சாண்ட்லரின் நாவலில் பூனை இல்லை; தாக்கி என்ற கறுப்புப் பாரசீகப் பூனையைச் செல்லமாக வளர்த்த சாண்ட்லர், தம் துப்பறிவாளன் மார்லோவுக்கு அப்படி ஒரு துணையை அளிக்கவில்லை. ஆல்ட்மன் அளித்தார். விடியலுக்கு வெகுமுன்னே பசித்த பூனை மார்லோவை எழுப்புகிறது; அது உண்பது ஒரே ஒரு வகை டின் உணவைத்தான், அது வீட்டில் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போனால் அங்கும் இல்லை. வேறொன்றை வாங்கிவந்த மார்லோ, பூனையை வெளியே நிறுத்திச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புது உணவைப் பழைய டின்னுக்குள் மாற்றிய பிறகே அதை உள்ளே விட்டு, அதன் கண்ணெதிரே பரிமாறுகிறான். பூனை ஏமாறவில்லை, முகர்ந்துவிட்டுக் கதவிலுள்ள சிறு திறப்பின் வழியே வெளியேறுகிறது, அதன் பின் வரவேயில்லை. துப்பறியும் கதைக்குத் தொடர்பற்றதாகத் தோன்றும் இந்த நீண்ட தொடக்கத்திலேயே முழுக் கதையும் அடங்கியிருக்கிறது: மேலே ஒட்டிய பெயரை நம்பி உள்ளிருப்பதைக் காணத் தவறுபவன் மார்லோ, அவனுடைய நண்பன் டெர்ரி லெனாக்ஸ் அவனுக்குச் செய்வதும் அதே டின் மாற்றும் வேலைதான். பூனைக்கு ஒரு நொடியில் விளங்கியது மார்லோவுக்கு விளங்கப் படம் முடியவேண்டியிருக்கிறது. மெக்சிகோவில் லெனாக்ஸைக் கண்டுபிடித்து, துப்பாக்கியால் சுடுவதற்கு முன் மார்லோ கடைசியாகச் சொல்வது, தன் பூனையைக்கூடத் தொலைத்துவிட்டதைப் பற்றித்தான்.