யார்க்ஷயரின் இரண்டு ஆசனங்கள்

1807ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில், இங்கிலாந்தின் ஜில்லாக்களுள் மிகப் பெரியதாகிய யார்க்ஷயரின் நாலா திசைகளிலிருந்தும் சிறு குடியானவர்களும் நெசவாளரும் கடைக்காரரும் பாதிரிமாரும் வண்டியிலும் படகிலும் கால்நடையாகவும் யார்க் நகரத்துக் கோட்டை முற்றத்தை நோக்கித் திரள் திரளாகச் சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் தம் ஆயுளில் ஒரு முறையேனும் ஜில்லாப் பிரதிநிதிக்காக வாக்களித்தவர்கள் அல்லர். காரணம், உரிமை இல்லாமையன்று. 1742க்குப் பிறகு அந்த ஜில்லாவின் ஆசனங்களுக்கு வாக்கெடுப்பே நடந்ததில்லை என்பதுதான். வாக்குரிமையைப் பற்றிப் பேசுகிற நாம் இந்த ஒரு செய்தியை ஆழ்ந்து சிந்திக்கவேண்டும் என்பது என் கருத்து.

ஜில்லாவுக்கு இருவராகப் பிரதிநிதிகளை அனுப்பும் வழக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அந்நாட்டில் வேரூன்றியது. வருஷத்துக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவனுக்கே வாக்கு என்று பதினைந்தாம் நூற்றாண்டில் சட்டம் விதித்தது சாமான்யரை விலக்குவதற்காகத்தான்; ஆயினும், நாணயத்தின் மதிப்பு குறையக் குறைய, ஒரு குடிசையும் அதையொட்டிய சிறு நிலமும் உடையவனும் அந்த வரம்புக்குள் வந்துவிட்டான். இவ்வாறு யார்க்ஷயரில் வாக்காளர் தொகை இருபதினாயிரத்துக்கு மேல் பெருகவே, அதன் இரண்டு அங்கத்தினர்களின் சொல்லுக்கு வேறெந்த அங்கத்தினரின் சொல்லுக்கும் இல்லாத கௌரவம் பார்லிமெண்டில் ஏற்பட்டது. அதே யார்க்ஷயருக்குள் பரோபிரிட்ஜ், ஆல்ட்பரோ என்ற, ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு சிற்றூர்களும் தலைக்கு இரண்டு அங்கத்தினரை அனுப்பின. ஆனால் அங்கே வாக்காளர் சிலரே, அவர்களும் ஒரு பிரபுவின் கைக்குள் அடங்கியவர்கள். ஆலைகள் பெருகி ஜனத்தொகை பொங்கிய லீட்ஸுக்கோ ஷெஃபீல்டுக்கோ தனி ஆசனம் ஒன்றுகூட இல்லை. கிராம்வெல் தமது ஆட்சியில் லீட்ஸுக்கும் ஹாலிஃபாக்ஸுக்கும் தலா ஓர் ஆசனம் அளித்திருந்தார்; கிராம்வெலின் காலத்துக்குப் பின் அந்த நியாயமும் அவரோடு போய்விட்டது. யார்க்ஷயரில் நான்கில் ஒரு பங்கு ஜனங்கள்கூட இல்லாத கார்ன்வால் 44 பேரை அனுப்ப, யார்க்ஷயர் 30 பேரோடு நின்றது.

இந்த அநீதி கண்ணுக்குத் தெரிந்த அநீதி. 1780ஐ ஒட்டி கிறிஸ்டபர் வைவில் என்ற பாதிரியார் யார்க்ஷயர் நிலக்காரர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து, ஜில்லா அங்கத்தினர்களின் தொகையைப் பெருக்கவேண்டும் என்று போராடியது இதை எதிர்த்துத்தான். கண்ணுக்குத் தெரியாத அநீதி வேறொன்று. மூன்று பிரிவுகளாக விரிந்த அத்தனை பெரிய ஜில்லாவுக்கு வாக்குச்சாவடி யார்க் ஒன்றே. வாக்காளரை அழைத்து வருவதும், உண்பிப்பதும், தங்கவைப்பதும் வேட்பாளரின் பொறுப்பு. ஆகவே பெருங்குடும்பங்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்வதே சிக்கனமாயிற்று. 1784இல் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் அந்த ஆசனத்தை அடைந்ததும் வாக்கெடுப்பினால் அன்று. கோட்டை முற்றத்தில் அவர் ஆற்றிய பிரசங்கத்தையும் ஜனங்களின் மனப்போக்கையும் கண்டு எதிர்த்தரப்பார் விலகிக்கொண்டதனால்தான்.

1807இல் அந்த ஏற்பாடு முறிந்தது. ஆசனம் இரண்டு, வேட்பாளர் மூவர்: அந்த ஆண்டு மார்ச்சு மாதந்தான் அடிமை வியாபார ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றி வைத்திருந்த வில்பர்ஃபோர்ஸ், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களால் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த லாஸல்ஸ், ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவின் இளம் புதல்வர் மில்டன். பதினைந்து நாள் நடந்த அந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 23,000 பேர் பகிரங்கமாகத் தம் வாக்கைச் சொன்னார்கள். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது பின்னர் புத்தகமாகவே அச்சாயிற்று. பிரபுக்களின் புதல்வர் இருவரும் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு லக்ஷம் பவுன் செலவழித்தார்கள் என்பர். வில்பர்ஃபோர்ஸுக்கோ நண்பர்கள் சந்தா சேர்த்தார்கள். அவர் முதலிடம் பெற்றார், மில்டன் இரண்டாமவரானார், இருநூறுக்கும் குறைந்த வாக்கில் லாஸல்ஸ் தோற்றார். வில்பர்ஃபோர்ஸின் புகழைக் குறைக்க எனக்கு எண்ணம் இல்லை. ஆயினும் அந்தத் தேர்தலில் என் வணக்கத்துக்கு முதலில் உரியவர்கள், வேட்பாளரின் வண்டிக்குக் காத்திராமல் தம் சொந்தச் செலவில் யார்க்குக்கு வந்து, ஊரறியத் தம் வாக்கைச் சொல்லிவிட்டுத் திரும்பிய அந்தச் சிறு நிலக்காரர்களே. நிலப்பிரபுவின் கோபமும் முதலாளியின் கோபமும் அவர்களுடைய பெயருக்கு நேரே அச்சேறின.

1812இல் வில்பர்ஃபோர்ஸ், உடல்நலம் குன்றியமையாலும் குடும்பப் பொறுப்பினாலும் யார்க்ஷயரைத் துறந்து, ஸஸெக்ஸிலுள்ள பிராம்பர் என்ற சிற்றூரின் ஆசனத்தை ஏற்றார்; அது ஒருவர் தயவால் கிடைக்கும் ஆசனம். இதற்காக அவரைப் பழிப்பதைவிட, அத்தகைய மனிதரையும் களைக்கவைத்த ஆசனத்தின் அளவைப் பழிப்பதே நியாயம். ஆசனத்தின் பெருமைக்கு எது காரணமோ அதுவே அதன் கதவையும் அடைத்தது என்பதை இங்கே காண்கிறோம்.

ஊழலில் அழுகிய கார்ன்வாலின் கிராம்பவுண்டு தன் ஆசனங்களை 1821இல் இழந்தபோது, அவை யார்க்ஷயருக்கு வழங்கப்பட்டு, 1826 முதல் அங்கத்தினர் நால்வராயினர். அந்த ஜில்லாவில் நிலபுலன் இல்லாத வழக்கறிஞர் ஹென்றி புரூம் 1830இல் அங்கே வென்றது பழைய மரபுக்கு விழுந்த பெரிய அடி. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் மூன்று பிரிவுகளையும் மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. லீட்ஸும் ஷெஃபீல்டும் ஆசனம் பெற்றன. லீட்ஸின் முதல் தேர்தலில் வென்ற இருவருள் ஒருவர் மெக்காலே. தோற்றவர் ஆலைகளில் குழந்தைகள் படும் துன்பத்தைப் பார்லிமெண்டின் முன் வைத்த மைக்கேல் ஸாட்லர். வாக்கு விரிந்தது, ஆனால் அந்தக் குழந்தைகளின் தகப்பன்மாரில் பெரும்பாலோருக்கு அது இன்னும் எட்டவில்லை. மெக்காலேயும் லீட்ஸுக்காக நெடுநாள் இருக்கவில்லை. 1834இல் கவர்னர் ஜெனரல் சபையின் சட்ட அங்கத்தினராகிச் சென்னையில் வந்து இறங்கினார். லீட்ஸின் ஜனங்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தவர், வாக்கென்பதையே அறியாத கோடிக்கணக்கான ஜனங்களுக்குச் சட்டம் வகுக்க நம் கரைக்கு வந்தார்.

பணத்தின் ஆதிக்கத்தை முறிக்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. 1872இல் இரகசிய வாக்குமுறை வந்தது. 1883இல் வேட்பாளரின் செலவுக்குச் சட்டம் உச்சவரம்பு கட்டியது. வாக்கை விரித்த சட்டங்கள் பெறும் புகழில் பாதிகூட இச்சட்டத்துக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். 1911இல் அங்கத்தினருக்கு ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் ஏற்பட்டது. பதினேழாம் நூற்றாண்டிலேயே யார்க்ஷயரின் ஹல் நகரம் தன் பிரதிநிதியாகிய கவிஞர் ஆண்ட்ரூ மார்வெலுக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கொடுத்து வந்தது. ஜனங்களின் வேலையைச் செய்கிறவனுக்கு ஜனங்களே கூலி கொடுக்கவேண்டும் என்ற அந்த நேர்மையான எண்ணம் மறுபடியும் உயிர்பெற இத்தனை காலமாயிற்று. அதன் பிறகுதான் யார்க்ஷயரின் கவுலிங் கிராமத்து நெசவாளி மகனான ஃபிலிப் ஸ்னோடன், 1922இல் கோல்ன் பள்ளத்தாக்குத் தொகுதியின் பிரதிநிதியாகி, 1924இல் தொழிற்கட்சியின் முதல் நிதியமைச்சராக நாட்டின் வரவுசெலவுக் கணக்கைப் பார்லிமெண்டின் முன் வைத்தார்.