படத்தின் கீழே ஒரு வரி!
பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டிய புதிய பாடம்

இன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடத்தோடு இன்னொரு வேலையும் உண்டு. அதன் பெயர் "பிராஜெக்ட்".

"சூரிய குடும்பம்", "விடுதலை வீரர்கள்", "நம் நாட்டுப் பறவைகள்" என்று ஆசிரியர் ஒரு தலைப்பு கொடுப்பார். பிள்ளை அதைப் பற்றி எழுதி, படமும் ஒட்டிக்கொண்டு போக வேண்டும்.

முன்பெல்லாம் கடையில் பட அட்டை வாங்கி, வெட்டி ஒட்டினார்கள். இப்போது செல்போனில் தேடுகிறார்கள். முதலில் வரும் படத்தை எடுக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போடுகிறார்கள். வேலை முடிந்தது!

அந்தப் படத்தை எடுத்தவர் யார்? அது உண்மையான படம்தானா? இந்த இரண்டு கேள்விகளையும் பெரும்பாலும் யாரும் கேட்பது இல்லை.

கூகுள் சொந்தக்காரர் அல்ல

சில பிள்ளைகள் படத்தின் கீழ் "நன்றி: கூகுள்" என்று எழுதுகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால், எழுதியது தவறு.

தேடும்போது வரும் படங்களை எடுத்தவர்கள் வேறு யாரோ. அவை எங்கே இருக்கின்றன என்று கூகுள் வழி காட்டுகிறது. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படிக்கிறோம். அதை எழுதியவர் நூலகர் என்று சொல்வோமா?

படத்தைத் தொட்டு, அது இருக்கும் இணையதளத்துக்குப் போக வேண்டும். எடுத்தவர் பெயரை அங்கே தேட வேண்டும். இதுதான் முதல் பாடம்.

வள்ளுவர் முகம்

பெயர் எழுதுவதால் என்ன லாபம்? ஓர் உதாரணம் பார்ப்போம்.

திருக்குறளைப் பற்றி எழுதும் பிள்ளை, வள்ளுவர் படம் ஒட்டும். நீண்ட தாடி, தலையில் கொண்டை, கையில் ஓலையும் எழுத்தாணியும் உள்ள படம். வள்ளுவரை நேரில் பார்த்து வரைந்த படமா அது? இல்லை. ஓவியர் கே.ஆர்.வேணுகோபால் சர்மா 20-ம் நூற்றாண்டில் வரைந்தது.

"வரைந்தவர்: கே.ஆர்.வேணுகோபால் சர்மா" என்று எழுதும் பிள்ளைக்கு ஓர் உண்மை புரிகிறது. வள்ளுவரின் முகம் யாருக்கும் தெரியாது. இது ஓர் ஓவியர் தம் மனத்தில் கண்ட முகம். ஒரு வரியில் எவ்வளவு பெரிய பாடம்!

போப்பாண்டவர் அங்கி

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு படம் உலகெங்கும் பரவியது. அப்போதைய போப்பாண்டவர் பிரான்சிஸ், பெரிய வெள்ளைக் குளிர் அங்கி போட்டு நடந்து வருவது போன்ற படம். பலர் நம்பிவிட்டார்கள். உண்மையில் அது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கம்ப்யூட்டரில் செய்த படம்!

பெரியவர்களே ஏமாறும்போது, பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? எடுத்தவர் பெயரும், தேதியும், இடமும் தெரியாத படத்தைச் சந்தேகப்பட வேண்டும். இந்தப் பழக்கம் நாளை செய்தி படிக்கும்போதும் அதற்குத் துணை நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"பள்ளிக்கூடத்துக்குத்தானே! இதில் என்ன தப்பு?" என்று சில பெற்றோர் கேட்கலாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. பாடம் நடக்கும்போது ஆசிரியரும் மாணவரும் பிறர் படைப்பைப் பிரதி எடுக்கலாம் என்று அது சலுகை தருகிறது. எனவே நோட்டில் ஒட்டுவதற்காக யாரும் பயப்பட வேண்டாம்.

ஆனால், அதே படத்தைப் பள்ளி ஆண்டு மலரில் அச்சிட்டாலோ, இணையத்தில் போட்டாலோ கதை வேறு. அதற்கு உரிமையாளரின் அனுமதி தேவைப்படலாம். "இது என் படைப்பு" என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் படைத்தவருக்குக் கொடுத்திருக்கிறது.

எங்கே தேடலாம்?

"விக்கிமீடியா காமன்ஸ்" என்ற இணையதளம் 2004-ல் தொடங்கியது. அங்கே 10 கோடிக்கும் மேற்பட்ட படங்களும் பிற கோப்புகளும் உள்ளன. எடுத்தவர் பெயர், தேதி, நிபந்தனை எல்லாம் படத்தின் கீழேயே இருக்கும். "என் பெயரைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதே பல படங்களுக்கு நிபந்தனை.

விண்வெளிப் படங்களுக்கு அமெரிக்காவின் "நாசா" இருக்கிறது. அதன் படங்களில் பெரும்பாலானவற்றைப் பாடத்துக்குத் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

எப்படி எழுதுவது?

இதோ ஒரு மாதிரி:

"நிலவின் அருகிலிருந்து தெரியும் பூமி. படம் எடுத்தவர்: வில்லியம் ஆண்டர்ஸ், அப்பல்லோ-8 விண்வெளி வீரர். நாள்: 24-12-1968. கிடைத்த இடம்: நாசா இணையதளம்."

மூன்றாம் வகுப்புப் பிள்ளை, எடுத்தவர் பெயரை மட்டும் எழுதினால் போதும். ஆறாம் வகுப்பில், கிடைத்த இடத்தையும் சேர்க்கலாம். ஒன்பதாம் வகுப்பில் தேதி, நிபந்தனை எல்லாம் எழுதப் பழக்கலாம். ஆசிரியர்கள் இதற்கென்று இரண்டு மதிப்பெண் ஒதுக்கினால், பிள்ளைகள் தாமாகவே தேடுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. வீட்டு மரத்தில் உட்காரும் மைனாவைப் பிள்ளையே வரையட்டும். அல்லது அம்மாவின் செல்போனில் படம் எடுக்கட்டும். அதன் கீழே தன் பெயரை எழுதட்டும். அந்தப் பெயரை அழித்துவிட்டு வேறொருவர் பெயரை எழுதினால், பிள்ளை சும்மா இருக்குமா? மற்றவர் படத்துக்கும் அப்படித்தான் என்று அப்போது எடுத்துச் சொல்லுங்கள். உடனே புரிந்துகொள்ளும்.

பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளை பிராஜெக்ட் நோட்டைக் கொண்டுவந்து காட்டும்போது, "படம் அழகாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். "இதை எடுத்தவர் யார்?" என்றும் கேளுங்கள்.