மாத்திரையோடு அளவீடும் வேண்டும்

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும், கால்களின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறைந்தவர்களுக்கும், இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் கோளாறு உள்ளவர்களுக்கும் தரப்படும் ரத்த உறைவெதிர்ப்பு மாத்திரை, அளவு குறைந்தால் பக்கவாதத்துக்கும் கூடினால் ரத்தக்கசிவுக்கும் இடம்கொடுத்துவிடும். இத்தகைய மருந்தைப் பாதுகாப்பாக உட்கொள்வது நோயாளியின் பொறுப்பு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. நோயாளியின் கவனம் இன்றியமையாததே. ஆயினும், மாத்திரை கிடைக்கும் ஊரிலேயே அதன் விளைவை அளக்கும் வசதியும் கிடைக்காதவரை, அந்தக் கவனத்தால் மட்டும் அவரைக் காப்பாற்ற முடியாது.

இம்மருந்தின் வரலாறே ரத்தக்கசிவில்தான் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள், சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் மடிந்தன. அதற்குக் காரணமான வேதிப்பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலிக்கொல்லியாகவும், 1950களின் நடுவில் மனிதர்களுக்கான மருந்தாகவும் புழக்கத்துக்கு வந்தது. இந்தியாவில் பரவலாக எழுதித்தரப்படும் அசினோகூமராலும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே துணையுடன் உருவாக்குகிறது. அந்த வைட்டமின் மீண்டும் மீண்டும் பயன்படுவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. ஆனால், ஏற்கெனவே ரத்தத்தில் உள்ள புரதங்கள் தீரும்வரை தடையின் முழு விளைவு தெரியாது என்பதால், இன்று மாற்றிய அளவின் பலன் சில நாட்கள் கழித்தே வெளிப்படும். உடல்நிலையைப் பார்த்துத் தாமாகவே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதற்கும், ஒரு நாள் விட்டுப்போன மாத்திரையை மறுநாள் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது என்பதற்கும் அடிப்படை இதுவே.

கூடுதல் குறைவை உணர்ந்து அறிய முடியாத நிலையில், அறிவதற்கான வழி 'ஐ.என்.ஆர்.' என்னும் ரத்தப் பரிசோதனை மட்டுமே. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை, எந்த ஆய்வகத்தில் அளந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் சீர்செய்து சொல்லும் எண் அது. மருந்து உட்கொள்ளாதவருக்கு அது ஏறக்குறைய 1 ஆக இருக்கும். சிரை உறைவுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் பொதுவாக 2 முதல் 3 வரையும், இதயத்தின் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரையும் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள இலக்கு.

அந்த எண்ணை அசைத்துப் பார்க்கும் பொருட்கள் அன்றாட வாழ்வில் நிறையவே உண்டு. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பதால் கீரையையே ஒதுக்கிவிடுவோர் பலர். உண்மையில் வேண்டியது விலக்கு அன்று, சீரான அளவு. வாரம் இருமுறை கீரை உண்பவர் அதே வழக்கத்தைத் தொடரலாம்; திடீரென்று நாள்தோறும் உண்பதும் திடீரென்று நிறுத்துவதும்தான் எண்ணைக் குலைக்கும். மருந்துகளின் குறுக்கீடு இதைவிடக் கடுமையானது. வயிற்றுப்போக்குக்காகக் கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோலும், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலும் ஐ.என்.ஆரை உயர்த்திவிடும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளோ, அந்த எண் சரியாக இருக்கும்போதே வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக் கூடியவை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறாக, கல்லீரல் உறைவெதிர்ப்பு மருந்தைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுவதால், மாத்திரையின் அளவை ஏற்ற வேண்டிவரும். காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும் அந்தச் சிதைவு படிப்படியாகத் தணிய, உயர்த்திய அளவைக் குறைக்காமல் விட்டால், நோய் தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைந்திருக்கும் வாரங்களிலேயே ரத்தக்கசிவு நேரலாம். அந்த வாரங்களில் அடிக்கடி செய்யும் பரிசோதனை உயிர்காக்கும் சிகிச்சைக்கு ஒப்பானது.

கசிவுக்கு அஞ்சி மருந்தை நிறுத்துவதும் இதே அளவுக்கு ஆபத்தானது. பல் பிடுங்குவதற்கு முன் தாமாகவே மாத்திரையை விட்டுவிடுவோர், ஐ.என்.ஆர். இலக்குக்குள் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தாமலேயே பல்லை எடுத்துவிடலாம் என்பதை அறிவதில்லை. கருத்தரிக்க விரும்பும் பெண்கள், வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், முன்கூட்டியே மருத்துவருடன் திட்டமிட வேண்டும். இங்கும் மருந்தைத் தாமே நிறுத்துவது வால்வில் ரத்தம் உறைய வழிவகுக்கும். மலம் கறுத்துப் போதல், சிறுநீரில் ரத்தம், தலையில் அடி, பேச்சுக் குழறல் ஆகியவை நேர்ந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மருந்துகள் இருக்க, பழைய மருந்துக்கு ஏன் இவ்வளவு ஏற்பாடு என்ற வாதம் எழலாம். ஆனால், அவற்றுள் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு உள்ளவர்களிடம் சோதித்த ஆய்வு, ரத்த உறைவும் கசிவும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ஆளானவர்களிடம், மற்றொரு புதிய மருந்தான ரிவரோக்சபானைவிடப் பழைய மருந்தே மேலானது என்று இந்தியாவும் பங்கேற்ற 'இன்விக்டஸ்' ஆய்வு 2022இல் காட்டியது. ருமாட்டிக் காய்ச்சல் ஏழை வீடுகளின் நோய். ஆகவே, அளவீடு யாருக்கு இன்றியமையாததோ, பரிசோதனைக்காகக் கூலியை இழந்து நகரத்துக்குப் பயணம் செய்யும் சுமையும் அவர்கள் மேலேயே விழுகிறது.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. விலையுயர்ந்த வெளிநாட்டு வால்வை நம்பியிருந்த நிலையை மாற்றிக்காட்டிய நாடு இது. அந்த வால்வு உடலுக்குள் பழுதின்றி இயங்கத் தேவையான அளவீட்டையும் எட்டும் தூரத்தில் வைப்பது, அதே பணியின் எஞ்சிய பகுதியாகும். விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில், சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் வீட்டு வாசலிலேயே பரிசோதனையும் மாத்திரையும் கிடைக்கச் செய்ய முடியும் என்று நிறுவியிருக்கிறது. அந்தக் கட்டமைப்போடு இக்கருவியை ஆரம்ப சுகாதார நிலையங்களில் சேர்த்து, நோயாளி ஒவ்வொருவருக்கும் மாத்திரை அளவும் ஐ.என்.ஆரும் உடன் உண்ணும் பிற மருந்துகளும் பதியப்படும் ஒரு கையேட்டையும் வழங்கி, எண் விலகினால் மாவட்ட மருத்துவமனை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு அளவைத் திருத்தும் ஏற்பாட்டைச் செய்வது அரசுக்கு இயலாத காரியமன்று. வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டிய மாத்திரையை எழுதித்தரும் மருத்துவ அமைப்பு, அதன் அளவைக் கண்காணிக்கும் கடமையையும் வாழ்நாள் முழுதும் ஏற்க வேண்டும்.