பயமும் மூச்சும்

பஞ்சபூத ஸ்தலங்களில் திருவண்ணாமலை அக்கினிக்கு உரியது. ஆனால் கார்த்திகைத் தீபத்தன்று அங்கே கூடும் ஜனசமுத்திரத்தை நினைத்தால், நமக்கு வாயுவைப் பற்றிய யோசனையே முன்னே வருகிறது. நெரிசலில் அகப்பட்டவருக்குப் பயத்தால் மேல்மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால், தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும், உயிரே போய்விடும் போலிருக்கும். சுற்றி நிற்பவர் அனைவரும் அக்கணமே வைத்தியர்களாகி, "நன்றாக மூச்சை இழுத்து விடு!" என்று உபதேசிப்பார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லும் அந்த உபதேசமே உபத்திரவத்தை வளர்க்கும் என்பதை நேயர்கள் அறிதல் வேண்டும்.

இப்படி மூச்சு வாங்குகிறவருக்குப் பிராணவாயுவில் குறைவில்லை. கரியமிலவாயுதான் அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுகிறது. கழிவென்று நாம் இகழும் அந்த வாயுவுக்கும் தேகத்தில் ஓர் உத்தியோகம் உண்டு. அது இரத்தத்தில் கரைந்து மெல்லிய அமிலமாகி, காரம் மிஞ்சிவிடாமல் காக்கிறது. அமில கார அளவையில் 7 என்பது நடுநிலை. நம் இரத்தம் 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டும். வேகமாக மூச்சு விட்டால், சில நிமிஷங்களிலேயே அது காரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். சிறுநீரகங்கள் இதைச் சரிக்கட்ட வல்லவை. ஆனால் அவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் நாட்களும் வேண்டும்.

இதற்குள் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. இரத்தத்தில் தனித்து உலவும் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நரம்புகள் பதற்றங்கொண்டு உதடும் விரலும் மரமரக்கின்றன. சிலருக்குக் கை விரல்கள் கூம்பி இழுத்துக்கொள்கின்றன. இதைக் கண்டு பயம் இரட்டிக்கிறது. பயம் மூச்சை மேலும் விரட்டுகிறது.

மரண பயம் என்றதும் அருணாசலத்தின் மகான் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மதுரையில் 16 வயதுச் சிறுவர் வேங்கடராமனை, நோய் ஏதுமின்றியே மரண பயம் திடீரென்று பற்றியது. அவர் யாரையும் கூவி அழைக்கவில்லை. பிணம்போல் படுத்து, உதடுகளை மூடி, மூச்சை அடக்கி, சாவது எது என்று விசாரித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அவரே ரமண மகரிஷி. அவருடைய அனுபவத்தை வாயுக் கணக்கில் அடக்குவது நம் கருத்தன்று. ஆயினும், மனமும் மூச்சும் ஒரே மூலத்தின் இரு கிளைகள் என்று 1927-இல் இயற்றிய உபதேச உந்தியாரில் அவர் கூறுவது சிந்திக்கத்தக்கது. மூச்சு அடங்க மனமும் ஒடுங்கும். ஆனால் அது தற்காலிகமே என்றும் அவர் எச்சரிக்கிறார்.

இல்லறத்தாராகிய நமக்கு அந்தத் தற்காலிக நன்மையே பெரிது. பயந்தவரை உட்காரவைத்துத் தைரியம் சொல்லுங்கள். ஆழமாக அன்று, மெதுவாக, வாயை மூடி மூக்கால் சுவாசிக்கச் சொல்லுங்கள். உள்ளே வாங்குவதைவிட வெளியே விடுவது நீண்டிருக்கட்டும். காகிதப் பையை மூக்கில் கவிழ்க்கும் பழைய முறை வேண்டாம். இருதய நோயோ ஆஸ்துமாவோ இருப்பவருக்கு அது ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூச்சிரைப்பெல்லாம் பயமன்று. நீரிழிவு முற்றி இரத்தத்தில் அமிலம் பெருகும்போது, அதை வெளியேற்றவே தேகம் பலமாக மூச்சு விடுகிறது. அது நோயாளியைக் காக்கும் மூச்சு, அதை அடக்கச் சொல்லலாகாது. மார்வலி, இழுப்பு, உதட்டில் நீலம் ஆகியவற்றில் ஏதேனும் கண்டாலோ, இத்தகைய மூச்சிரைப்பு முதன்முறையாக வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். முக்கியமாக, வீட்டுப் பெண்களுக்கு மூச்சிரைத்தால் "வெறும் பயம்" என்று தள்ளிவிடும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். பயந்தான் என்று தீர்ப்புக் கூற வேண்டியவர் வைத்தியர். அவர் அப்படிக் கூறிய பிறகும் அந்தப் பயம் பரிகாசத்துக்கு உரியதன்று, பரிவுக்கு உரியது.