மஞ்சத்துக்குக் கிடைத்த நியாயம்

நான் பில்காள். இந்தப் பெயரை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள். எல்லாரும் அப்படித்தான் போனார்கள். ரூபன் தன் தகப்பனுடைய மறுமனையாட்டி பில்காளோடு படுத்தான், இஸ்ரவேல் என்கிற யாக்கோபு அதைக் கேள்விப்பட்டான் என்று ஆதியாகமம் சொல்கிறது. அவ்வளவுதான். உடனே யாக்கோபுக்கு 12 ஆண்மக்கள் என்று கணக்கு ஆரம்பித்துவிடுகிறது.

கேள்விப்பட்டாராம். கேள்விப்பட்டு என்ன செய்தார்? உனக்கு என்னடி ஆயிற்று என்று கேட்டாரா? அழுதாயா, அடிபட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டாரா? கேட்டதாக ஒரு வரி காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

என்னை யார் எப்போது கேட்டார்கள்? ராகேலின் கல்யாணத்தில் அவள் தகப்பன் லாபான் என்னை அவளுக்கு வேலைக்காரியாகக் கொடுத்தான். ராகேல் என்னைத் தன் புருஷன் யாக்கோபுக்குக் கொடுத்தாள். அக்காள் லேயாளுக்கு 4 ஆண்பிள்ளைகள், தங்கைக்கு ஒன்றும் இல்லை. அந்தப் போட்டிக்கு என் வயிறு வேண்டியிருந்தது. இடுப்பு நொந்தது எனக்கு, பிள்ளை போனது அவள் மடிக்கு. பெயர் வைத்ததும் அவள்தான். தாண் என்றாள், நப்தலி என்றாள். பெற்றவள் நான் சும்மா நின்றேன்.

ரூபனைச் சிறுபிள்ளையிலிருந்து எனக்குத் தெரியும். கோதுமை அறுப்புக் காலத்தில் வயலில் கிடைத்த தூதாயீம் கனிகளைக் கை நிறைய வைத்துக்கொண்டு, விரலெல்லாம் மண்ணோடு, அம்மா லேயாளைத் தேடி ஓடி வந்தான். அந்தக் கனிகளைக் கேட்டு ராகேல் நின்றாள். கனிக்கு ஈடாக ஒரு ராத்திரி புருஷனை விட்டுக்கொடுப்பதாகப் பேசி முடித்தார்கள். பெரியவர்கள் பேரம் பேசியது அந்தப் பையன் காதில் விழாமலா இருந்திருக்கும்? இந்த வீட்டில் படுக்கையை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

எப்பிராத்தாவுக்குப் போகிற வழியில் பென்யமீனைப் பெற்றுவிட்டு ராகேல் செத்துப்போனாள். கல்லறைமேல் தூண் நிறுத்திவிட்டு நடந்தோம். ஏதேர் கோபுரத்துக்கு அப்பால் கூடாரம் போட்டோம். எஜமானியும் இல்லை, ஏன் என்று கேட்க நாதியும் இல்லை. அப்போதுதான் அவன் வந்தான்.

வாலிபன், ஆசைப்பட்டுவிட்டான் என்பீர்கள். ஆசை மட்டும்தானா? பிற்பாடு தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் தகப்பனைத் துரத்திவிட்டு எருசலேமுக்குள் நுழைந்ததும் ஆலோசகன் அகித்தோப்பேல் என்ன யோசனை சொன்னான்? தாவீதின் மறுமனையாட்டிகளிடம் போகச் சொன்னான். ஊரெல்லாம் அறிய உப்பரிகையில் கூடாரம் போட்டார்கள். கிழவர் தாவீதுக்குப் பணிவிடை செய்த அபிஷாகைத் தனக்குக் கட்டிவைக்கும்படி இன்னொரு மகன் அதோனியா கேட்டபோது, ராஜ்யத்தையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சாலொமோன் ஏன் கொதித்தான்? அன்றைக்கே ஏன் அவனைக் கொன்றுபோட்டார்கள்? தகப்பனின் பெண்ணைத் தொட்டவன் தகப்பனின் இடத்தைக் கேட்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். ரூபன் மூத்த மகன். எஜமானாகப் போகிறவன். தகப்பன் உயிரோடிருக்கும்போதே இடம்பிடித்துப் பார்த்தான். நான் என்ன, துண்டு போட்டு இடம்பிடிக்கிற திண்ணையா?

தாவீதின் அந்த 10 பெண்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? ராஜா திரும்பி வந்ததும் அவர்களை ஒரு வீட்டில் அடைத்தார். சோறு போட்டார். சாகிற நாள்வரை, புருஷன் இருக்கும்போதே விதவைகளாக அங்கேயே கிடந்தார்கள். துரோகம் செய்தவன் மகன். சிறை அவர்களுக்கு.

நீ ஏன் அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சாராளின் அடிமைப் பெண் ஆகாருக்கு நடந்தது இந்தக் குடும்பத்தில்தானே? அடிமைப் பெண்ணின் மகன் என் மகனோடு சுதந்தரவாளியாக இருக்கக் கூடாது என்றாள் சாராள். அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்துத் தாயையும் பிள்ளையையும் வனாந்தரத்துக்கு அனுப்பிவிட்டார் யாக்கோபின் தாத்தா ஆபிரகாம். பிற்பாடு தன் மறுமனையாட்டிகளின் பிள்ளைகளுக்கும் கையில் ஏதோ கொடுத்துக் கிழக்கே அனுப்பினார். அண்ணன் ஏசா 400 பேரோடு வருகிறான் என்றதும் யாக்கோபு யாரை முன்னால் நிறுத்தினார்? என்னையும் லேயாளின் வேலைக்காரி சில்பாளையும் எங்கள் பிள்ளைகளையும். கடைசியில், பத்திரமாக, ராகேலும் யோசேப்பும். இப்படிப்பட்ட வீட்டில் வேலைக்காரி வாய் திறந்து மூத்தவன் மேல் பழி சொன்னால் தாணுக்கும் நப்தலிக்கும் பங்கு மிஞ்சுமா? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகளின் பங்குக்கு நான் கொடுத்த விலை அது.

அந்தப் பங்காவது நிலைத்ததா? மோவாபின் சமவெளியில் கோத்திரங்களை எண்ணியபோது தாணில் 64,400 பேர். யூதாவுக்கு அடுத்தபடி அவர்கள்தான். அத்தனை பேர் இருந்தும் எமோரியர் அவர்களை மலைக்கு நெருக்கினார்கள், பள்ளத்தாக்கில் இறங்கவிடவில்லை. என் பேரப்பிள்ளைகளில் 600 பேர் ஆயுதம் கட்டிக்கொண்டு வடக்கே லாயீசுக்கு இடம் தேடிப் போனார்கள். இதற்காகவா நான் ஊமையாக இருந்தேன்?

எகிப்தில் சாகக் கிடந்தபோதுதான் யாக்கோபு வாய் திறந்தார். மூத்தவன் என்று ரூபனைத் தூக்கிப் பேசினார், அடுத்த மூச்சில் கீழே தள்ளினார். என்ன குற்றமாம்? தகப்பனுடைய மஞ்சத்தைத் தீட்டாக்கினானாம். என் படுக்கை, என் படுக்கை என்று கொதித்தாரே, அந்தப் படுக்கையில் இருந்தவளுக்குப் பெயர் இல்லையா? கட்டிலுக்கு மானம் உண்டு, எனக்கு இல்லையா?

பிறகு பாகப்பிரிவினை. எப்பிராயீம், மனாசே என்று யோசேப்பின் வழியில் இரண்டு பங்கு. செங்கோல் யூதாவுக்கு. மூத்த மகனுக்குரிய பங்கு, ரூபனின் சேஷ்டபுத்திரபாகம், யோசேப்பின் பிள்ளைகளுக்குப் போயிற்று, பிரபு யூதாவிலிருந்து வந்தான் என்று நாளாகமம் எழுதிவைத்திருக்கிறது. காரணம் சொல்கிற அந்த இடத்தில்கூட என் பெயர் இல்லை. பிரியமில்லாத மனைவியின் மகன் மூத்தவனானால் அவனுக்கே இரண்டு பங்கு, பிரியமானவளின் மகனுக்கு அதை மாற்றக் கூடாது என்று பிற்பாடு மோசேயின் சட்டம் சொன்னது. யாக்கோபுக்குப் பிரியமானவள் யார் என்று ஊருக்கே தெரியும். லேயாளின் மகனிடமிருந்து எடுத்து ராகேலின் மகனுக்குக் கொடுக்க ஒரு காரணம் வேண்டியிருந்ததா? அந்தக் காரணமாகவாவது நான் உதவினேனா?

லேயாளின் மகள் தீனாள் கெடுக்கப்பட்டபோது அவள் அண்ணன்மார் சிமியோனும் லேவியும் சீகேம் பட்டணத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். எங்கள் சகோதரியை இப்படி நடத்தலாமா என்று தகப்பன் முகத்துக்கு நேரே கேட்டார்கள். எனக்காகப் பட்டயம் எடுக்கச் சொல்லவில்லை. வாயாவது திறந்திருக்கலாமே? அண்ணன்மார் தள்ளிய குழியில் யோசேப்பு இல்லை என்றதும் ரூபன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். எனக்காக ஒரு நூல் கிழிந்ததா?

பின்னால் வந்த படித்தவர்கள் இன்னும் மோசம். ரூபனின் இந்தக் கதையைச் சபையில் வாசிக்கலாம், ஜனங்களின் பேச்சில் விளக்க வேண்டாம் என்று மிஷ்னா சட்டம் போட்டது. ரூபன் பாவமே செய்யவில்லை, தாய்க்காக ரோஷப்பட்டுத் தகப்பனின் படுக்கையை இடம் மாற்றினான், அவ்வளவுதான் என்று தல்மூத்தில் ஒரு ரபி வாதாடினார். ரூபனே சாகும்போது சொன்னதாக எழுதிய ஒரு நூலில் நான் குடித்துவிட்டு ஆடை விலகிக் கிடந்தேனாம். அவனைக் காப்பாற்ற ஒருவர் நடந்ததையே அழித்தார், இன்னொருவர் என்னைக் குடிகாரி ஆக்கினார். யூபிலி நூல் எழுதியவர் ஒருவர்தான் நான் விழித்து அலறினேன், மிகவும் அழுதேன் என்று எழுதினார். அந்த நூலை உங்களில் எத்தனை பேர் கையில் எடுத்திருக்கிறீர்கள்?

செலோப்பியாத்தின் 5 மகள்கள் மோசேக்கு முன்னால் நின்று பங்கு கேட்டார்கள், கிடைத்தது. எங்கள் தகப்பன் பெயர் அற்றுப்போகலாமா என்று அவர்களால் கேட்க முடிந்தது. என் தகப்பன் யார் என்று ஆதியாகமத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா? நான் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

எனக்கு நிலம் வேண்டாம். ரூபனுக்குத் தக்க தண்டனை கிடைத்தது, பார்த்தீர்களா என்று உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். அவன் தகப்பனை அவமதித்தான், தகப்பன் அவன் பங்கைப் பிடுங்கினார். அது அவர்கள் இருவருக்குள் தீர்ந்த கணக்கு. எனக்குச் செய்ததற்காக இன்றுவரை ஒருவனும் தண்டிக்கப்படவில்லை.